ஏழைத் தெருவும் விளம்பரப் பலகையும்

விளம்பரத்தில் இரண்டு ரகம் உண்டு. நாம் போய்ப் பார்க்கிற விளம்பரம் ஒன்று. நம்மிடம் வந்து நிற்கிற விளம்பரம் மற்றொன்று. பத்திரிகையில் வருவது முதல் ரகம். காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம். ரேடியோவானால் ஒரு திருகு போதும். ஆனால் தெருக்கோடியில் கால் ஊன்றி நிற்கிறதே பலகை, அதைப் புரட்டவும் முடியாது, திருகவும் முடியாது. அந்தத் தெருவில் குடியிருப்பவன் காலையில் வேலைக்குப் போகும்போதும் அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். மாலையில் களைத்துத் திரும்பும்போதும் பார்த்துத்தான் ஆகவேண்டும். அவன் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதே சில சமயம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

இது கதை எழுதுகிறவனுடைய கற்பனை என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு 1932-ம் ஆண்டிலேயே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. யூட்டா ராஜ்யத்தில் ஒரு சட்டம் இருந்தது. சிகரெட் விளம்பரத்தைத் தெருப் பலகையிலும் டிராம் வண்டியிலும் போடக் கூடாது, பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். பலகைத் தொழில் செய்துவந்த பாக்கர் என்ற கம்பெனி, பத்திரிகைக்காரனுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று கேட்டு வழக்காடியது. நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: பத்திரிகை விளம்பரத்தைப் பார்க்க மனிதன் கொஞ்சமாவது முயற்சி செய்ய வேண்டும், பலகை விளம்பரமோ அவன் கேளாமலே அவன் கண்ணில் திணிக்கப்படுகிறது. ஆகையால் இரண்டையும் வேறு வேறாக நடத்துவதில் தவறில்லை.

தீர்ப்பு வந்தது, சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து அதே விவகாரம் மறுபடியும் கிளம்பியது. இந்தத் தடவை கிளப்பியவர்கள் வக்கீல்கள் அல்ல. கையில் வர்ண வாளியும் தூரிகையுமாகத் தெருவில் இறங்கிய கோயில் ஜனங்கள். அவர்கள் கேட்ட கேள்வியும் வேறு. "பலகை ஏன் நிற்கிறது?" என்பதல்ல, "எங்கள் தெருவில் மட்டும் ஏன் இத்தனை பலகைகள் நிற்கின்றன?" என்பது.

*

ஏன் நின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் டெலிவிஷனிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2-ந் தேதியோடு சட்டப்படி நின்றுபோயிற்று. விஸ்கி முதலிய கடுமையான மதுவகைகளைக் காய்ச்சுகிறவர்கள் அதற்கு வெகு முன்பே தாமாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்கள்: 1936 முதல் ரேடியோவில் விளம்பரம் இல்லை, 1948 முதல் டெலிவிஷனிலும் இல்லை. 1996-ல்தான் அந்த விரதத்தை முடித்தார்கள். ஆக, நாட்டிலேயே பெரிய விளம்பரப் பணம் வைத்திருந்த இரண்டு வியாபாரங்களுக்கு வீட்டுக்குள் நுழைய வழி அடைபட்டது. வழி அடைபட்டால் பணம் சும்மா இருக்குமா? அது தெருவுக்கு வந்தது.

எந்தத் தெருவுக்கு? எல்லாத் தெருவிலும் பலகை நட முடியாது. பணக்காரர்கள் வாழும் பேட்டைகளில் குடியிருப்பு வீடுகளைத் தவிர வேறொன்றும் கூடாது என்று நகரசபை எல்லை வகுத்திருக்கும். அங்கே பலகைக்கு இடமில்லை. நெடுஞ்சாலைகளின் அழகு கெடக் கூடாது என்று ஜனாதிபதி ஜான்சனின் மனைவியார் பெரும் முயற்சி எடுத்துக்கொண்டார். அதன் பலனாக 1965-ல் ஒரு சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்திலும் வர்த்தகப் பகுதிக்கும் தொழிற்பகுதிக்கும் விலக்கு உண்டு. இப்போது நகரத்தின் ஏழைப் பேட்டையை நினைத்துப் பாருங்கள். கீழே மளிகைக் கடை, மேலே குடித்தனம். பக்கத்தில் ஒரு பட்டறை, அதற்கு அடுத்த கதவு பள்ளிக்கூடம். காகிதத்தில் அது வர்த்தகப் பகுதி. அங்கே பலகை நடலாம். கட்டடத்தின் சொந்தக்காரன் பெரும்பாலும் அந்தத் தெருவில் வசிப்பதில்லை. வாடகை அவனுக்கு, காட்சி குடியிருப்பவனுக்கு.

நெடுஞ்சாலையில் காரில் போகிறவனுக்காகச் செய்த ராட்சதப் பலகைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். நடந்து போகிறவர்களுக்கென்றே ஒரு சின்னப் பலகை உண்டு. ஏறக்குறைய ஐந்தடி உயரம், பதினோரடி நீளம். 'எட்டுத் தாள் பலகை' என்பது தொழிலில் அதற்கு வழங்கிய பெயர். கட்டடத்தின் பக்கச் சுவரில், கண்ணுக்கு நேராக, கடைவாசலுக்கு அருகிலேயே அதை மாட்டுவார்கள். கார் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் நடக்கிற தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை. அதில் பெரும்பங்கு புகையிலைக்கும் மதுவுக்கும் போயிற்று. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1987-ல் எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையர் வாழும் பகுதிகளைப் போல் இரண்டு மடங்கு பலகைகள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன.

அந்தப் பலகைகளில் என்ன இருந்தது? அழகான உடுப்பு அணிந்த கறுப்பு வாலிபனும் யுவதியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு சிகரெட், அல்லது ஒரு கிண்ணம். அவர்கள் நிற்கும் இடத்தில் ஓட்டைக் கூரை இல்லை, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அந்த இரண்டும் இருந்தன. அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் நுரையீரல் புற்றுநோயால் செத்தவர்களின் விகிதம் வெள்ளை ஆண்களைக் காட்டிலும் கறுப்பின ஆண்களிடையே அதிகம். ஈரல் கெட்டுச் சாகிறவர்களும் அப்படியே.

இதை ஏன் யாரும் தட்டிக் கேட்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியவர்களின் வாய் கட்டப்பட்டிருந்தது. ஆனால் கட்டிய கயிறு அடிமைத்தளையல்ல, நன்றி. கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகளுக்குப் பெரிய கம்பெனிகள் விளம்பரம் தர மறுத்த நாட்களில், கைகொடுத்தவர்களில் சிகரெட்காரர்களும் மதுக்காரர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். உரிமைச் சங்கங்களுக்கு நன்கொடை, மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம், சங்கீத விழாவுக்குச் செலவு எல்லாம் கொடுத்தார்கள். வேறு யாரும் கொடுக்காதபோது கொடுத்தவன் கையில் விஷம் இருக்கிறது என்று சொல்வது எளிதல்ல. அப்படிச் சொல்கிறவன் மறுமாதம் பத்திரிகையை எதைக்கொண்டு அச்சடிப்பான்? இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் மீது குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

*

கட்டு அவிழ்ந்தது பிலடெல்பியா நகரத்தில்.

ஆர். ஜே. ரெய்னால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி 1989 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'அப்டவுன்' என்று ஒரு புதிய மெந்தால் சிகரெட் வரப்போகிறது. 1990 பிப்ரவரி 5-ந் தேதி பிலடெல்பியாவில் பரீட்சார்த்தமாக விற்பனை தொடங்கும். இதில் புதுமை சிகரெட் அல்ல. இது முக்கியமாகக் கறுப்பின மக்களுக்காகச் செய்யப்பட்டது என்று கம்பெனியே வாய்விட்டுச் சொன்னதுதான் புதுமை. ஆராய்ச்சியும் பலமாகவே செய்திருந்தார்கள். கறுப்பின மக்களில் பலர் சிகரெட் பெட்டியை அடிப்பக்கமாகத் திறக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, வடிகட்டி முனை கீழ்ப்பக்கம் இருக்கும்படி அடுக்கத் திட்டமிட்டார்கள். ஒரு ஜனசமூகத்தின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதை இவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள், அந்த ஜனங்களின் ஆஸ்பத்திரிக் கணக்கையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

மெந்தாலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. புதினாவின் குளிர்ச்சி அது. புகையின் காரம் தொண்டையில் தெரியாதபடி மரத்துப்போகச் செய்யும். இருமல் என்பது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத் தூங்கவைத்துவிட்டால் புதிதாகப் பழகுகிறவனுக்கு வழி சுலபம்.

அறிவிப்பைப் பார்த்துப் பிலடெல்பியாவில் பாதிரிமார்கள், வைத்தியர்கள், புற்றுநோய்த் தடுப்பு ஊழியர்கள், குடியிருப்போர் சங்கத்தார் எல்லோரும் ஒன்றாகக் கூடினார்கள். சிகரெட்டை ஒழிப்பது எங்கள் நோக்கமல்ல, இந்த ஒரு சிகரெட் இந்த ஊருக்குள் வரக் கூடாது என்று வரம்பு கட்டிக்கொண்டார்கள். பெரிய தீமையோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் பலர் வரம்பு கட்டத் தெரியாமல் தோற்றுப்போவதுண்டு. இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது மத்திய சர்க்காரில் சுகாதார மந்திரியாக இருந்தவர் டாக்டர் லூயிஸ் சல்லிவன். அவரும் கறுப்பினத்தவர், ஒரு வைத்தியக் கல்லூரியின் முதல் தலைவராக இருந்தவர். ஜனவரி 18-ந் தேதி அவர் பிலடெல்பியாவுக்கு வந்து, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பேசியபோது, ஏற்கெனவே நோயிலும் சாவிலும் அதிகப் பங்கு சுமக்கிற மக்களிடையே இன்னும் நோயை விற்கப் பார்க்கிறார்கள் என்று அந்தக் கம்பெனியை வெளிப்படையாகவே கண்டித்தார். மறுநாள், ஜனவரி 19-ந் தேதி, கம்பெனி அந்தச் சிகரெட்டைக் கைவிட்டது. கடைக்கு வராமலே செத்துப்போன சிகரெட் அது.

அடுத்த ஆண்டு, 1991-ல், இதே கதை பீர் வியாபாரத்தில் நடந்தது. ஹைல்மன் என்ற கம்பெனி 'பவர்மாஸ்டர்' என்று ஒரு கடும் பீரைக் கொண்டுவந்தது. அதே கம்பெனியின் 'கோல்ட் 45' என்ற பழைய சரக்கில் சாராயச் சத்து நூற்றுக்கு 4.5, புதியதில் 5.9. பீரின் வலிமையைச் சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1935-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 'பவர்' என்ற சொல்லே வலிமையைச் சொல்வதுதானே? முதலில் பெயருக்கு அனுமதி கொடுத்த அதிகாரிகள், பாதிரிமார்களும் வைத்தியர்களும் போட்ட கூச்சலுக்குப் பிறகு அனுமதியை ரத்து செய்தார்கள்.

இந்த இரண்டு வெற்றிகளிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. இரண்டு சரக்கும் தோற்றதற்குக் காரணம் அவை மற்றச் சரக்குகளைவிடக் கொடியவை என்பதல்ல. தம் குறி யார் என்பதை அவை மறைக்கவில்லை. மறைத்துச் செய்தவை பலகைகளின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

*

ஹார்லெமில் அபிஸீனியன் பாப்டிஸ்டுக் கோயில் என்று ஒரு புராதனமான சபை இருக்கிறது. 1808-ல் தோன்றியது. அதன் பாதிரியார் கால்வின் பட்ஸ் 1990-ல் தம் சபையாரை அழைத்துக்கொண்டு, நீண்ட கழியில் தூரிகையைக் கட்டி, அக்கம்பக்கத்தில் இருந்த சிகரெட், மது விளம்பரங்களின் மேல் வர்ணம் பூசி மறைத்தார். சிகாகோவில் அதே ஆண்டு ஒருவர் தனியாகவே புறப்பட்டார். சித்திரக் கதை படிக்கிறவர்களுக்குத் தெரிந்த மந்திரவாதியின் பெயரான 'மாண்ட்ரேக்' என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, பலகை பலகையாக வெள்ளையடித்தார். அந்த நகரத்தின் தெற்குப் பகுதியில் செயின்ட் சபீனா என்ற கத்தோலிக்கக் கோயில். சபையார் கறுப்பினத்தவர், பாதிரியார் மைக்கேல் ஃபிளெகர் வெள்ளையர். அவரும் வாளியை எடுத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டது.

பிறர் சொத்தைச் சேதப்படுத்தியது குற்றம். அதைப் பாதிரியார் மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய கேட்டைத் தடுப்பதற்காக இந்தச் சிறிய கேட்டைச் செய்ய நேர்ந்தது என்பதே அவர் தரப்பு வாதம். எரிகிற வீட்டிலிருந்து குழந்தையை எடுக்கக் கதவை உடைத்தவன்மேல் கதவு உடைத்த குற்றம் சாட்டலாமா? ஜூரிகள் 1991-ல் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்தார்கள். இதனால் பலகைக்கு வர்ணம் பூசுவது சட்டபூர்வமாகிவிடவில்லை. ஆனால் ஜூரி ஆசனத்தில் உட்கார்ந்த சாமான்ய மனிதர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்பது தெரிந்தது.

எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கம்பெனிகளின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் என்ற பழம்பெரும் ஸ்தாபனத்தின் நிர்வாகத் தலைவராக அப்போது இருந்தவர் பெஞ்சமின் ஹூக்ஸ். இந்தப் பலகை எதிர்ப்புக்கு அடியில் ஓர் அவமானம் ஒளிந்திருக்கிறது என்றார் அவர். கறுப்பினத்தவனுக்குத் தன் நல்லது கெட்டது தெரியாது. அவனுக்காக வேறு யாராவது தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இந்த வாதத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 'உன் நன்மைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு பல தலைமுறைகளாக உரிமை பறிக்கப்பட்ட ஜனங்கள் அவர்கள். அந்த வாசகத்தைக் கேட்டாலே அவர்கள் உடம்பு கூசுவது நியாயம். ஆனால் ஹார்லெமில் தூரிகை பிடித்தவர்கள் யார்? வெளியூர்க் கனவான்களா? அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் கடையை மூடச் சொல்லவில்லை. அண்டை வீட்டுக்காரன் சிகரெட்டைத் தட்டிப் பறிக்கவில்லை. வேண்டுகிறவன் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளட்டும். கடை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வர வேண்டாம் என்றார்கள். மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வேண்டும் என்றால், எதைப் பார்த்துக்கொண்டு வாழ்வது என்பதும் அந்தச் சுதந்திரத்தில் சேர்ந்ததுதானே? பணக்காரப் பேட்டைக்காரர்கள் அந்தச் சுதந்திரத்தை நகரசபை வரைபடத்தின் மூலமாக என்றைக்கோ வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அவர்களை யாரும் பிறர் பேச்சுரிமையைப் பறித்தவர்கள் என்று சொல்லவில்லை.

*

வாளியும் தூரிகையும் ஆத்திரத்துக்கு உதவும். நிலைத்த காரியத்துக்குச் சட்டம் வேண்டும். அதைச் செய்து காட்டிய ஊர் பால்டிமோர்.

மேரிலாண்டு ராஜ்யத்தின் பெரிய துறைமுக நகரம் அது. ஜனங்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மேயர் கர்ட் ஷ்மோக், அந்த நகரத்து மக்கள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயர். குடியிருப்போர் சங்கங்களும் கோயில்களும் வருஷக்கணக்கில் மன்றாடின. மது விளம்பரத்தில் கை வைக்க நகரத்துக்கு ராஜ்ய சட்டசபையின் அனுமதி வேண்டும். அது 1993-ல் கிடைத்தது. 1994-ல் இரண்டு நகரச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன: ஒன்று மதுப் பலகைகளுக்கு, மற்றொன்று சிகரெட் பலகைகளுக்கு. முழுத் தடை அல்ல. சரக்கு விற்கும் கடையின் பெயர்ப்பலகை இருக்கலாம். சில வர்த்தகப் பகுதிகளிலும் தொழிற்பகுதிகளிலும் விளம்பரம் இருக்கலாம். குழந்தைகள் குடியிருந்து, படித்து, விளையாடுகிற பகுதிகளில் கூடாது.

சட்டத்தின் நோக்கம் என்று எழுதியிருந்ததைக் கவனிக்க வேண்டும். வயது வராத சிறுவர்கள் மதுவும் சிகரெட்டும் வாங்குவது ஏற்கெனவே குற்றம். அவர்களை அதற்குத் தூண்டுகிற பலகைகளைக் கட்டுப்படுத்துகிறோம் என்று எழுதினார்கள். கறுப்பின மக்களின் தெரு என்றோ, ஏழைகளின் தெரு என்றோ அந்த நோக்கத்தில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. 1942-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, வியாபார விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு இல்லை என்று சொல்லியிருந்தது. 1976-ல் அந்தக் கருத்து மாறி, விளம்பரமும் பேச்சுத்தான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று ஆயிற்று. 1980-ல் அளவுகோல் வகுத்தார்கள்: உண்மையான, சட்டத்துக்கு உட்பட்ட விளம்பரத்தை ஒடுக்க வேண்டுமானால், சர்க்காருக்குக் கனமான காரணம் இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தால் காரியம் நேராகக் கைகூட வேண்டும், தேவைக்கு மிஞ்சி ஒடுக்கக் கூடாது. இந்த அளவுகோலுக்கு முன்னால் 'எங்கள் தெருவை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற குமுறல் செல்லாது. 'குழந்தைகள்' என்ற சொல் செல்லும். ஆகையால் நகரம் குழந்தைகளைப் பற்றிப் பேசியது.

ஆன்ஹைசர்-புஷ் என்ற மாபெரும் பீர்க் கம்பெனி ஒரு வழக்கும், பென் என்ற பலகைக் கம்பெனி ஒரு வழக்கும் தொடுத்தன. கீழ்க் கோர்ட்டில் நகரம் ஜெயித்தது. 1995-ல் அப்பீல் கோர்ட்டிலும் ஜெயித்தது. 1996 மே மாதத்தில் வேறொரு வழக்கில், மதுவின் விலையை விளம்பரம் செய்யக் கூடாது என்று ரோட் ஐலண்டு போட்டிருந்த சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள் என்று பால்டிமோர் வழக்கு கீழே திரும்பி வந்தது. எல்லாம் போயிற்று என்று பலர் நினைத்தார்கள். அப்பீல் கோர்ட்டு 1996 நவம்பரில் மறுபடியும் நகரத்தின் பக்கமே நின்றது. ரோட் ஐலண்டு வளர்ந்தவர்களை இருட்டில் வைக்கப் பார்த்தது. பால்டிமோரோ, விலகிப் போக முடியாத குழந்தைகளின் கண்ணிலிருந்து ஒரே ஒரு விதமான விளம்பரத்தை மட்டும் அகற்றுகிறது. வளர்ந்தவர்களுக்குப் பத்திரிகையும் மற்ற வழிகளும் திறந்தே இருக்கின்றன என்பது அதன் காரணம். பிராண்டைஸ் 1932-ல் சொன்னதன் எதிரொலி அதில் கேட்கவில்லையா? 1997 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இனித் தலையிடுவதில்லை என்று விட்டுவிட்டது. அந்த ஆண்டே சிகாகோ நகரசபையும் இப்படியொரு சட்டம் செய்தது.

*

இதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1998 நவம்பர் 23-ந் தேதி 46 ராஜ்யங்களும் பெரிய சிகரெட் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 25 ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர் கொடுக்கக் கம்பெனிகள் சம்மதித்தன. அதோடு தெருப் பலகைகளையும் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டன. 1999 ஏப்ரல் 23-ந் தேதிக்குள் நாடெங்கும் அவை இறங்கின. வாடகைக் காலம் மிச்சமிருந்த பலகைகளில், கம்பெனியின் செலவிலேயே, புகைபிடிக்காதீர்கள் என்ற பிரசாரத்தை எழுதிக்கொள்ளவும் ராஜ்யங்களுக்கு உரிமை கிடைத்தது. தெருவாசிகள் சுயமாக வர்ணம் பூசி எட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இது நடந்தது.

ஆனால் சட்டத்தின் சக்கரம் ஒரே திசையில் சுற்றுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கோ விளையாட்டு மைதானத்துக்கோ 1,000 அடிக்குள் புகையிலை விளம்பரம் கூடாது என்று மாஸசூசெட்ஸ் ராஜ்யம் விதி செய்தது. நெருக்கமான நகரங்களில் இந்த 1,000 அடி வட்டங்களைப் போட்டுப் பார்த்தால் ஊரில் பெரும்பகுதி வட்டத்துக்குள் வந்துவிடும். இது ஏறக்குறைய முழுத் தடைதான் என்று 2001 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியைத் தள்ளியது. மதுவுக்கோ 1998 ஒப்பந்தம் போன்ற ஒன்று வரவே இல்லை. ஆகவே ஊருக்கு ஊர் நிலைமை வேறாகவே இருந்துவருகிறது.

பிலடெல்பியாவின் பாதிரியார் ஜெஸ்ஸி பிரௌனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998-ல் ஒரு வழக்குப் போட்டார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. குழந்தைகள் என்ற மறைப்பு ஒன்றும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி கேட்ட வழக்கு அது. மெந்தால் சிகரெட்டை எங்கள் ஜனங்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்தீர்கள். இது எங்கள் சிவில் உரிமைக்கு விரோதம் என்றார்கள். 1999-ல் தள்ளுபடியாயிற்று, 2001-ல் அப்பீலிலும் தள்ளுபடியாயிற்று. கோர்ட்டின் காரணம் தர்க்கரீதியில் குற்றமற்றது: வெள்ளையனுக்கு ஒரு சிகரெட், கறுப்பனுக்கு வேறொரு சிகரெட் என்று கம்பெனி விற்கவில்லையே? எல்லோருக்கும் அதே சரக்கு, அதே கெடுதல். பாரபட்சம் எங்கே இருக்கிறது?

பாரபட்சம் சரக்கில் இல்லை; பலகை நின்ற இடத்தில் இருந்தது. ஒருவனுக்கு ஒன்றைக் கொடுக்காமல் மறுப்பது அநீதி என்பது சட்டத்துக்குப் புரிகிறது. வேண்டாம் என்கிறவனுக்கு அதையே அள்ளி அள்ளிக் கொடுப்பதும் அநீதியாகலாம் என்பதைச் சொல்லச் சட்டத்தில் வார்த்தை இல்லை.

பலகை இறங்கியதால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1950-களில் புகைபிடிக்கும் கறுப்பின மக்களில் மெந்தால் பிடித்தவர்கள் பத்து பேரில் ஒருவர்கூட இல்லை. இந்த நூற்றாண்டில் அது பத்தில் எட்டுப் பேருக்கு மேல். ஒரு ஜனசமூகத்தின் நாக்கை மாற்றப் பலகைக்கும் பத்திரிகைக்கும் சங்கீத விழாவுக்கும் மூன்று நான்கு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை, இரண்டே போதுமாயிருந்தது. 2009-ல் வந்த மத்திய சட்டம் சிகரெட்டில் மற்ற வாசனைகளைத் தடுத்தபோது மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. 2022-ல் அதையும் தடுக்க யோசனை வெளியாகியது. 2025 ஜனவரியில் அந்த யோசனை வாபஸ் பெறப்பட்டது. பலகையைச் சில மாதங்களில் இறக்கிவிடலாம். பலகை கற்றுக்கொடுத்த பழக்கத்தை அப்படி இறக்க முடிவதில்லை. பலகை ஏறும் முன்பே தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

லண்டன் நகரம் வேறு வழியில் போனது. அங்கே பாதாள ரயிலும் பஸ்ஸும் நகர நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களின் விளம்பரத்தை இனி ஏற்பதில்லை என்று மேயர் சாதிக் கான் நிர்வாகம் 2019 பிப்ரவரியிலிருந்து நிறுத்தியது. பிறர் வாயை மூடவில்லை. தன் சுவரைத் தர மறுத்தது, அவ்வளவுதான். 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தத் தடை இல்லாதிருந்தால் வாங்கியிருக்கக் கூடிய அளவோடு ஒப்பிட்டால், லண்டன் குடும்பங்கள் அவ்வகைத் தின்பண்டங்களில் வாரத்துக்குச் சுமார் 1,000 காலோரி குறைவாக வாங்கின என்று கணக்கிட்டது. சுவர் யாருடையதோ அவர்கள் மறுக்கலாம் என்ற பழைய நியாயம்தான் இது.

பணக்காரப் பேட்டைக்காரனுக்கு அந்த நியாயம் எப்போதும் இருந்தது. சுவர் அவனுடையது; நகரசபையிலும் அவன் குரல் கேட்கும். வாடகைக்குக் குடியிருப்பவனுக்குச் சுவர் சொந்தமில்லை. ஆனாலும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்க்கிறவன் அவன்தான். ஹார்லெமிலும் சிகாகோவிலும் பால்டிமோரிலும் கோயில் ஜனங்கள் கேட்டது பெரிய தத்துவம் ஒன்றுமல்ல: எங்கள் தெருவில் எதை மாட்டுவது என்று தீர்மானிக்கும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவைக்க அவர்களுக்கு வர்ண வாளியும், போலீஸ் கொட்டடியும், பல கோர்ட்டுப் படிகளும் தேவைப்பட்டன. இனி வருகிற ஊர்களுக்காவது அவ்வளவு தேவைப்படக் கூடாது.